ஈர மரமும் மழுங்கிய உளியும்: தச்சு வேலை பற்றிய வாசகர் கேள்விகள்

கடந்த இதழில் ஆடும் கதிரைக் கால்களைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து, தச்சு வேலையைக் கற்கவும் கற்பிக்கவும் விரும்புவோரிடமிருந்து மலையகத்தின் பல திசைகளிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, ஏழு கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறேன்.

கேள்வி: தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் கணிதம் கற்பிக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் 12 பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் தச்சு வேலை சொல்லிக்கொடுக்க ஒரு தச்சர் இணங்கியிருக்கிறார். பழைய மாணவர் ஒருவர் கருவிகளுக்குப் பணம் தந்துள்ளார். மின்வாள் வாங்கும்படி சிலர் சொல்கின்றனர். எதை வாங்குவது, எதிலிருந்து தொடங்குவது?

பதில்: மின்வாளை இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஓர் இயந்திரத்தைச் சுற்றி 12 பேர் நின்றால் ஒருவர் வேலை செய்வார், 11 பேர் வேடிக்கை பார்ப்பார்கள். கைவாளால் அறுக்கும்போது மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, கணு எங்கே தடுக்கிறது என்பது கைக்கு நேராகத் தெரியவரும். தொடக்கநிலையில் இருப்பவருக்கு அந்த அறிவே முதலில் வேண்டும், இயந்திரம் அதைத் தராது.

இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு தொகுதி என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 25 மில்லிமீற்றர், 12 மில்லிமீற்றர் அகலத்தில் இரண்டு உளிகள், பல் நெருக்கமான முதுகு வாள் ஒன்று, மூலைமட்டம் ஒன்று, விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் மார்க்கிங் கேஜ் ஒன்று ஆகியவை ஒரு தொகுதிக்குப் போதும். வகுப்பு முழுவதற்கும் பொதுவாக மூன்று சீவுளிகளும் ஒரு பெரிய கைவாளும் இரண்டு தீட்டுகற்களும் வேண்டும். மரத்துண்டுகளை இறுக்கிப் பிடிக்கும் ஜி கிளாம்ப் எத்தனை வாங்கினாலும் போதாது. மிஞ்சும் பணம் முழுவதையும் அதற்கே செலவிடலாம். உளியை அடிக்கும் கொட்டாப்புளியைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். அதைப் பிள்ளைகளே தங்கள் முதல் வேலையாகச் செய்துகொள்ளட்டும். வேலைமேசையின் உயரம், நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடும்போது மணிக்கட்டு வரும் மட்டத்தில் இருக்க வேண்டும். சீவும்போது நகரும் மேசையில் யாராலும் ஒழுங்காகக் கற்க முடியாது என்பதால், பாரமான மேசை கிடைக்காவிட்டால் இருப்பதைச் சுவரோடு சேர்த்து இறுக்கிவிடுங்கள்.

முதல் சனிக்கிழமை மரத்தைத் தொடவே வேண்டாம். கடையில் வாங்கிய உளி வேலைக்குத் தயாரான உளி அல்ல. அதன் பின்புறத்தைக் கல்லில் தட்டையாக்கி, சரிவை 25 பாகையில் அமைத்து, நுனியில் மட்டும் 30 பாகையில் தீட்ட வேண்டும். தீட்டத் தீட்ட மறுபுறத்தில் மெல்லிய பிசிறு ஒன்று எழுந்து விரல் நுனிக்குத் தட்டுப்படும். அது வாயின் முழு அகலத்துக்கும் எழுந்தால்தான் நுனிவரை கல் பட்டிருக்கிறது என்று பொருள். பின்பு உளியைப் புரட்டிப் பின்புறத்தைக் கல்லில் படுக்கவைத்து இழுத்தால் பிசிறு விழுந்துவிடும். மென்மையான மரத்துண்டின் வெட்டுமுனையை அந்த உளியால் சீவிப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் இன்னும் தீட்ட வேண்டும். மெல்லிய சீவலாக வந்து, வெட்டிய இடம் பளபளத்தால் போதும்.

இங்கே மலைநாட்டுக்கென்று ஒரு சிறு குறிப்பு. கல்லில் விட வீட்டிலுள்ள தேங்காயெண்ணெயை எடுப்பது பலருடைய வழக்கம். வெப்பநிலை ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அது உறைந்து மெழுகுபோலாகிக் கல்லின் நுண்துளைகளை அடைத்துவிடும். மண்ணெண்ணெயில் சிறிது இயந்திர எண்ணெய் கலந்து பயன்படுத்துவதே உங்கள் ஊருக்குப் பொருந்தும். இன்னுமொன்று: கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுகிற தகப்பன்மார் உங்கள் தோட்டத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். மொட்டைக் கத்தியால் தேயிலைக் கிளையை வெட்டினால் அது பிளந்துபோகும் என்பதை அவர்கள் நன்கறிவார்கள். அவர்களில் ஒருவரை அந்த முதல் சனிக்கிழமை அழைத்துத் தீட்டிக் காட்டச் சொல்லுங்கள். தொழில் வேறானாலும் கல்லின் மேல் கை நகரும் விதம் ஒன்றுதான்.

இரண்டாவது பாடம் கோடு. பலகையின் ஒரு பக்கத்தையும் அதை அடுத்த ஒரு விளிம்பையும் நேராகச் சீவி, அவற்றில் அடையாளமிட்டு, எல்லா அளவுகளையும் அந்த இரண்டிலிருந்து மட்டுமே எடுக்கப் பழக்குங்கள். பென்சில் கோட்டுக்கும் அகலம் உண்டு; ஆகவே மூட்டுகளுக்குக் கத்தியால் கீறிய கோடே நல்லது. வாள் ஓட வேண்டிய இடம் கோட்டின் மேல் அல்ல, கழிக்கப்போகும் பக்கத்தில் கோட்டை ஒட்டி. பாதுகாப்புக்காகப் பத்து விதிகளைச் சுவரில் ஒட்டுவதை விட, "இரண்டு கைகளும் எப்போதும் உளியின் வாய்க்குப் பின்னால்" என்ற ஒன்றை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வது பயன்தரும்.

கதிரையை முதல் பொருளாக வைக்க வேண்டாம். அதன் பின்கால் சாய்வு, இருக்கையின் சரிவு என்று எங்கும் செங்கோணம் இல்லாத பொருள் அது. நான் முதன்முதலில் நடத்திய வகுப்பில் ஆர்வமிகுதியால் கதிரையிலிருந்து தொடங்கி, எட்டுக் கதிரைகளில் இரண்டு மட்டுமே நிற்கக் கண்டேன். கொட்டாப்புளிக்குப் பிறகு அடுப்படியில் குந்தியிருக்கும் மணையையும், அதற்குப் பிறகு முக்காலியையும் செய்விக்கலாம். லயக் காம்பராக்களின் சீமெந்துத் தரை பெரும்பாலும் சமமாக இராது. நான்கு கால்கள் அங்கே ஆடும், மூன்று கால்கள் எந்தத் தரையிலும் ஆடாது. ஏன் என்பதைக் கணித ஆசிரியையான நீங்களே அவர்களுக்கு நன்றாக விளக்குவீர்கள்.

கேள்வி: எனக்கு 14 வயது. கம்பளையில் வசிக்கிறேன். ஆணி அடித்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலைக்கு ஏன் மணிக்கணக்காக மூட்டு வெட்டுகிறார்கள்?

பதில்: தம்பி, ஆணி தவறான பொருளன்று, பெட்டிக்கும் வேலிக்கும் அது போதும். ஆனால் கதிரையில் ஒருவர் பின்னால் சாயும் ஒவ்வொரு முறையும் மூட்டு சிறிது அசைகிறது. ஆணி மரத்தைப் பிடித்திருப்பது அதைச் சுற்றியுள்ள நார்களின் இறுக்கத்தால் மட்டுமே. அசைவினால் துளை மெல்ல அகன்று ஆணி தளர்கிறது. ஒரு சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றச் சட்டத்தில் பொளித்த குழிக்குள் இறக்கினால், கழுந்தின் தோள்கள் நான்கு பக்கமும் தாங்குகின்றன. பசை பிடிக்க அகன்ற பரப்பும் கிடைக்கிறது. உன் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத எம்பெக்கே தேவாலயத்துக்குப் போகும்போது, தூண்களின் சிற்பங்களைப் பார்த்த பிறகு தலையை உயர்த்திக் கூரையையும் பார். கம்பளை இராசதானிக் காலமான 14 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்த மண்டபத்தில், ஒரு முனையின் 26 கைமரங்களும் ஒரே மர முளையில் வந்து சேர்கின்றன. அதை மடோல் குருப்பாவ என்று சிங்களத்தில் அழைக்கிறார்கள்.

கேள்வி: பொகவந்தலாவையில் வசிக்கிறேன். மரக்காலையில் சபுக்குப் பலகை வாங்கி, இரண்டடி அகலத்தில் மேசையொன்று செய்தேன். செய்தபோது அழகாக இருந்தது. இரண்டு மாதங்களில் மேற்பலகை குழிந்து, நடுவில் வெடித்து, கால்களும் தளர்ந்துவிட்டன. பிழை மரத்திலா, என் வேலையிலா?

பதில்: மரத்தில் இருந்த தண்ணீரில். இந்த மாதம் இதே கேள்வியை வேறு நால்வரும் கேட்டிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தேயிலை மலைகளில் நிழலுக்காகவும் காற்றுத் தடைக்காகவும் வளர்க்கப்படும் கிரெவில்லியாவைத்தான் நாம் சபுக்கு என்கிறோம். தளபாடத்துக்கு அது தாழ்ந்த மரமன்று. அடிமரத்தின் மையத்திலிருந்து ஆரைப்போக்கில் அறுத்த பலகையில் பட்டுத்துணிபோல் மினுங்கும் புள்ளிகள் தெரியும். ஆனால் நேற்று வெட்டிய மரத்தை இன்று அறுத்து நாளை விற்கும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. பச்சை மரத்தில் நீர் இரண்டு விதமாக இருக்கிறது. உயிரணுக்களின் உட்குழிவில் இருக்கும் நீர் முதலில் வெளியேறுகிறது. அப்போது மரத்தின் நிறை குறையுமே தவிர அளவு மாறாது. ஈரப்பதன் ஏறத்தாழ 30 வீதத்துக்குக் கீழே இறங்கியதும் உயிரணுச் சுவர்களில் ஊறியிருந்த நீர் வெளியேறத் தொடங்குகிறது. சுருக்கம் ஆரம்பிப்பது அப்போதுதான். நீளவாக்கில் இந்தச் சுருக்கம் மிக அற்பம். அகலவாக்கில், வளையங்களின் வழியே ஏற்படும் சுருக்கம் மையத்தை நோக்கிய சுருக்கத்தைப் போல் பெரும்பாலும் இரண்டு மடங்காகும். அதனால்தான் சாதாரணமாக அறுத்த பலகையின் பட்டைப் பக்கம் குழிகிறது. உங்கள் மேற்பலகையைக் கீழிருந்து சட்டத்தோடு ஆணியால் இறுக்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். சுருங்க இடமில்லாத பலகை வெடித்திருக்கிறது. கழுந்துகளும் தம் குழிகளுக்குள் மெலிந்திருக்கின்றன.

ஆகவே பலகையை வாங்கியதும் உலர வைக்க வேண்டும். நிலத்திலிருந்து ஓரடி உயர்த்தி, பலகைகளுக்கிடையில் 25 மில்லிமீற்றர் தடிப்புள்ள உலர்ந்த றீப்பைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைத்து, கீழ் றீப்பைக்கு நேர் மேலே மேல் றீப்பை வரும்படி அடுக்குங்கள். வெட்டுமுனைகள் மற்ற இடங்களைவிட விரைவாக உலர்ந்து பிளக்கும் என்பதால் அவற்றுக்குப் பழைய பெயின்ற் பூசிவிடுங்கள். மேலே தகரம் வேண்டும். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். வெயில் நேரே படக்கூடாது. இஸ்தோப்பின் ஓரம் இதற்கு நல்ல இடம், வீட்டார் பொறுத்துக்கொண்டால்.

உலர்த்துவதற்குரிய பருவம் எதுவென்று தேயிலைக்காரருக்குத் தனியே சொல்லத் தேவையில்லை. உங்கள் மேற்குச் சரிவில் தேயிலைக்கு மணம் கூடுகிற ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட மாதங்களும், ஊவாப் பக்கத்தில் வறண்ட காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான மாதங்களுமே பலகைக்கும் நல்ல மாதங்கள். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓர் ஆண்டு என்ற கணக்கு குளிர்நாடுகளிலிருந்து வந்தது. இலேசான மரத்துக்கு இங்கே அவ்வளவு காலம் தேவைப்படுவதில்லை. ஊகிப்பதைவிட நிறுத்துப் பார்ப்பதே மேல். அடுக்கிலுள்ள ஒரு பலகையின் நடுப்பகுதியிலிருந்து அரையடித் துண்டொன்றை வெட்டி, அதன் இரு முனைகளுக்கும் பெயின்ற் பூசி, அடுக்கிலேயே வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை கடைத் தராசில் நிறுத்து அப்பலகையிலேயே எழுதிவையுங்கள். மழையில்லாத மூன்று வாரங்கள் தொடர்ந்து நிறை மாறாதிருந்தால் வேலையைத் தொடங்கலாம்.

அப்போதும் மரம் ஓய்ந்துவிடாது. காற்றின் ஈரப்பதன் 80 வீதமளவில் இருக்கும் நம் மலைகளில் மரம் ஏறத்தாழ 16 வீத நீரோடு நிலைகொள்ளும். அதே மேசையைக் கொழும்பில் குளிரூட்டிய அறையொன்றில் வைத்தால் இன்னும் சில வீதம் இழந்து, இரண்டடி மேற்பலகை 6, 7 மில்லிமீற்றர்வரை சுருங்கக்கூடும். அதனால் மேற்பலகையை ஆணியால் இறுக்காமல், சட்டத்தின் உட்புறத்தில் தவாளிப்பு வெட்டி, அதற்குள் நாக்கு நுழையும் சிறு மரக்கட்டைகளைப் பலகையின் அடியில் திருகாணியால் பூட்டுங்கள். பலகை விரியவும் சுருங்கவும் முடியும், தூக்கினால் கழன்று வராது.

இப்போதிருக்கும் மேசையின் மேல் பாரம் ஏற்றி நிமிர்த்த முயல வேண்டாம். ஆணிகளைக் கழற்றி, பலகைகளைத் தனித்தனியாக உலரவிட்டு, மீண்டும் சீவி ஒட்டுங்கள். சபுக்கு மரம் சிலருடைய தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும்; ஆகவே முழுக்கைச் சட்டை அணிந்து வேலை செய்யுங்கள்.

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் பலாமரத்தை வெட்டிக் கட்டில் செய்ய விரும்புகிறேன். அனுமதி தேவையா? (நாவலப்பிட்டி வாசகர்)

பதில்: தேவை. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, சொந்தக் காணியில் நின்றாலும் பலா, ஈரப்பலா ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டக்கூடாது. கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். காய்க்கும் மரமாயின், கட்டிலுக்கு வேறு மரம் பார்க்கலாம் என்பது என் தனிப்பட்ட எண்ணம்.

கேள்வி: நுவரெலியாவில் புதிதாகத் தளபாடம் செய்யப் பழகுகிறேன். ஜனவரியில் ஒட்டிய மூட்டுகள் பசை காய்ந்தபின் வெள்ளைச் சுண்ணாம்புபோல் உதிர்ந்து பிரிந்தன. அடித்த லாக்கரும் பால்போல் மங்கிவிட்டது. மலிவான சரக்கை விற்றுவிட்டார்களா?

பதில்: கடைக்காரரைக் குறைசொல்ல அவசரப்பட வேண்டாம், இரண்டுக்கும் காரணம் உங்கள் ஊரின் காலநிலையாக இருக்கலாம். பிவிஏ எனப்படும் வெள்ளைப் பசை, நீரில் மிதக்கும் நுண்துணிக்கைகள் ஒன்றோடொன்று உருகியிணைவதுபோல் சேர்ந்து படலமாவதால் ஒட்டுகிறது. குளிர் மிகுந்தால் நீர் வெளியேறினாலும் துணிக்கைகள் இணையாமல் தூளாகவே நின்றுவிடும். பசைக்குப் பசை இந்த எல்லை மாறும். பல வகைகளுக்கு அது 10 பாகையை அண்டியிருக்கும். துகள் பனி விழும் மாதங்களில் காலையில் மரமே அதைவிடக் குளிர்ந்திருக்கும். பகல் 11 மணிக்குப் பிறகு, மரத்தையும் பசையையும் அறைச்சூட்டில் இரண்டு மணி நேரமாவது வைத்திருந்து ஒட்டுங்கள். கிளாம்பை மறுநாள்வரை கழற்றாதீர்கள்.

லாக்கர் மங்குவது வேறு கதை. அதிலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. மூடுபனி நேரத்தில் காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. வானம் தெளிந்த நேரத்தில் மெல்லியதாக மறுபூச்சு அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். விரைவில் உலர வேண்டுமென்று அடுப்படிக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். லாக்கரும் தின்னரும் ஆவியிலேயே தீப்பற்றுபவை. ஆளிவிதை எண்ணெய் பூசுவோருக்கும் ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால் அது தானே சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடும். லயத்தில் ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ அங்கேயே நிற்பதில்லை. துணியை விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.

கேள்வி: என் மகள் தச்சு வேலை கற்க விரும்புகிறாள். பெண்பிள்ளைக்குக் கைவலு போதாது என்று உறவினர் தடுக்கின்றனர். (இராகலைத் தாய் ஒருவர்)

பதில்: அம்மா, தீட்டிய சீவுளியைத் தள்ள வலு அதிகம் வேண்டியதில்லை, மழுங்கிய சீவுளியைத் தள்ள எந்த ஆணின் வலுவும் போதாது. மேசையின் உயரம் அவளுடைய உயரத்துக்குப் பொருந்தட்டும், அவ்வளவுதான். நாள் முழுவதும் கொழுந்துக் கூடையைத் தலையில் சுமந்து மலையேறும் பெண்களைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்கிறவர்களுக்கு வேறு பதில் எனக்குத் தோன்றவில்லை. மூக்கை மூடும் நல்ல முகக்கவசம் ஒன்றை மட்டும் வாங்கிக் கொடுங்கள். மரத்தூளை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் சேர்த்திருக்கிறது. இது ஆண், பெண் இருவருக்கும் பொது.

கேள்வி: மஸ்கெலியாவில் 30 வருடங்களாகத் தச்சு வேலை செய்கிறேன். அப்பாவிடம் கற்றது; சான்றிதழ் எதுவுமில்லை. இளைஞர்களுக்குக் கற்பிக்க ஒரு நிலையம் அழைக்கிறது, ஆனால் தகைமைப் பத்திரம் கேட்கிறது. அத்துடன், எனக்குச் செய்யத் தெரியுமே தவிரச் சொல்லிக்கொடுக்க வருமா என்ற பயமும் இருக்கிறது. அப்பாவின் உளிகளை மாணவர் கையில் கொடுக்கலாமா?

பதில்: ஐயா, பத்திரத்துக்கு வழியிருக்கிறது. ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழிற்றகைமை முறையில், பாடநெறி எதையும் பயிலாமல், ஏற்கெனவே பெற்ற திறமையை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் அலுவலகத்திலோ, தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையத்திலோ விசாரியுங்கள். செய்து முடித்த வேலைகளின் புகைப்படங்களையும், வேலை கொடுத்தவர்களின் கடிதங்களையும் இப்போதே சேர்த்து வையுங்கள். மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலை செய்தும் காட்ட வேண்டியிருக்கும்.

கற்பிப்பது பற்றிய பயம் நியாயமானது. நல்ல வேலைக்காரர்கள் பலர் மோசமான ஆசிரியர்களாவது ஒரே காரணத்தால்: மாணவன் கோணலாக அறுப்பதைப் பார்த்ததும் பொறுக்காமல், "இங்கே கொடு" என்று வாளைப் பிடுங்கித் தாமே அறுத்துவிடுவார்கள். எனக்குக் கற்பித்தவரும் அப்படித்தான் செய்தார். அவருடைய வேகத்தை வியந்தேனே தவிர, என் வாள் ஏன் கோணுகிறது என்பது இரண்டு வருடங்கள் கழித்தே புரிந்தது. மாணவன் அறுத்து முடிக்கும்வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அறுத்த துண்டை மூலைமட்டத்தின் மேல் வைத்து, வெளிச்சம் எங்கே தெரிகிறதென்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். கோணலுக்குக் காரணம் பெரும்பாலும் மணிக்கட்டு முழங்கையோடு நேராக இல்லாதது, அல்லது வாளை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்துங்கள். அந்தத் துண்டில் திகதி எழுதிச் சுவரில் மாட்டி, ஒரு மாதம் கழித்து அறுத்ததை அதன் பக்கத்தில் மாட்டுங்கள். உங்கள் கை தானாகச் செய்யும் காரியங்களுக்குச் சொல் கிடைக்காதபோது வேகத்தைப் பாதியாகக் குறைத்துச் செய்துகாட்டி, என்ன கண்டார்கள் என்று மாணவரையே கேளுங்கள். உங்களுக்கே தெரியாத சிலவற்றை அவர்கள் சொல்லக்கூடும்.

அப்பாவின் உளிகளை முதல் நாள் கொடுக்காதீர்கள். ஆணியில் பட்டு வாய் உடையும். நிலையத்தின் உளிகளில் அவர்கள் பழகட்டும். ஆறு மாதம் கழித்து, பிசிறு விழுவதைக் கையாலேயே அறிந்துகொள்ளும் பையனோ பெண்ணோ ஒருவர் வகுப்பில் தென்பட்டால், அப்பாவின் உளியில் ஒன்றைத் தீட்டித் தரும்படி அவரிடம் கொடுத்துப் பாருங்கள்.